முதலில் உட்கார்ந்தவள்

அந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள், டோக்கன் தருகிற பெண்ணிடம் முதலில் கேட்பது ஒன்றுதான். "வலிக்காத அக்கா இன்னைக்கு இருக்காங்களா?" இல்லை என்றால் பாதிப் பேர் நாளைக்கு வருகிறோம் என்று வாசலோடு திரும்பிவிடுவார்கள். ஊசி பிடிக்க அங்கே இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களும் ஒழுங்காகத்தான் எடுப்பார்கள். ஆனால் பேர் வாங்கியது இவள். அதில் இவளுக்குக் கொள்ளைச் சந்தோஷம், அதை மறைத்து அடக்கமாக நிற்கிற பழக்கமெல்லாம் கிடையாது.

அவள் கெட்டிக்காரத்தனம் கையில் பாதி, வாயில் பாதி. எதிரே உட்கார்ந்தவர் முகம் வெளுக்க ஆரம்பித்ததுமே, "உங்க வீட்டுல மொத்தம் எத்தனை ஜன்னல்?" என்று கேட்பாள். இதென்ன கேள்வி என்று விழித்துவிட்டு அவர் கூடத்திலிருந்து எண்ணத் தொடங்குவார். படுக்கையறைக்கு வருவதற்குள் ட்யூப் நிறைந்திருக்கும். சமையலறையை எட்டும்போது பஞ்சு வைத்து, "கையை மடக்குங்க, முடிஞ்சுது" என்பாள். பத்தொன்பது வருஷமாக ஒரே கேள்விதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கூடத்துத் தலைமை டாக்டர் அம்மா, புதன்கிழமை காலையைக் கல்யாணம் நிச்சயமான ஜோடிகளுக்கு என்று ஒதுக்கினார். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ், இன்னும் ஒன்றிரண்டு என்று உறவால் தொற்றும் நோய்களுக்கான சோதனை. அந்த மேஜைக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது மற்ற மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். இவள், "நான் உக்கார்றேன் டாக்டர். இருமலுக்கு டெஸ்ட் பண்ணலாம், இதுக்குப் பண்ணக் கூடாதா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆரம்பத்தில் வந்த ஜோடிகளைப் பார்க்க வேண்டுமே! ஒன்றாக வந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பையன் முன்வாசலிலும் பெண் பின்வாசலிலும் வருவார்கள். பெஞ்சில் இந்தக் கோடிக்கு ஒருவர், அந்தக் கோடிக்கு ஒருவர். இவள் கூடமே கேட்கக் கூப்பிடுவாள். "இந்தக் கோடித் தம்பியும் அந்தக் கோடிப் பொண்ணும் ஒண்ணா வாங்க. கல்யாணம் ஆனப்புறமும் இப்படித்தான் உக்காரப் போறீங்களா?" பெஞ்சு சிரிக்கும், வெட்கம் பாதி கழன்றுவிடும்.

பெற்றவர்களுக்கு உள்ளே இடமில்லை. ஒருமுறை மாப்பிள்ளையின் அப்பா, தன் மகனுக்கு இதெல்லாம் தேவையில்லை, பெண்ணுக்கு மட்டும் எடுத்தால் போதும் என்று வந்து நின்றார். "சரிங்க ஐயா. பையன் சார்பா நீங்க கையை நீட்டுங்க, முதல்ல உங்களுக்கு எடுத்துடலாம்" என்றாள். ஐயாவுக்கு அந்த நேரம் பார்த்து வெளியே அவசர வேலை வந்துவிட்டது. ரத்தம் யாருடையதோ, முடிவு அவருடையது. முடிவு வைத்து ஒட்டிய உறையும் அவர் கையில்தான். இதில் அவள் யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை.

கூடத்தில் தவறுகளுக்கு என்று ஒரு நோட்டு உண்டு. ஆளுக்கு ஒரு பக்கம். ட்யூப் உடைந்தாலும் சீட்டு கிழிந்தாலும் அதில் எழுத வேண்டும். அவள் பக்கம் பத்தொன்பது வருஷமாக வெறுமையாக இருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைப் பிரித்துக் காட்டி, "எடுத்தப்புறம் பேரை ஒட்டு. ஒட்டினதை அவங்களையே வாசிக்கச் சொல்லு. இவ்வளவுதான் தொழில்" என்று பாடம் நடத்துவாள்.

அந்தப் புதன்கிழமை பதினான்கு ஜோடிகள். ஒருத்தி விடுப்பு. பெயர்ச்சீட்டு அடிக்கிற இயந்திரம் வேறு நின்று நின்று ஓடியது. அதனால் அவள் காலையிலேயே எல்லாச் சீட்டுகளையும் அடித்து, காலி ட்யூப்களில் ஒட்டி, விண்ணப்பத்தில் இருக்கிற வரிசைப்படி தாங்கியில் அடுக்கிவிட்டாள். முன்னால் மாப்பிள்ளை ட்யூப், பின்னால் பெண் ட்யூப். தான் போட்ட விதியைத் தானே மீறுகிறோம் என்று தெரியாமலில்லை. எனக்கென்ன மாறவா போகிறது என்ற தைரியம்தான்.

ஒன்பதாவது ஜோடியில் பையன் கிரேன் ஓட்டுகிறவன். பதினெட்டு மாடி உயரத்தில் உட்கார்ந்து இரும்பு உத்தரம் தூக்குகிற ஆள், மேஜைமேல் இருந்த ஊசியைப் பார்த்ததும் கதவுப் பக்கம் நகர்ந்தான். கூட வந்த பெண் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவள் வேலை. "நான் முதல்ல உக்காந்துக்கறேன். என்னைப் பார்த்து இவருக்குத் தைரியம் வரட்டும்" என்று சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவளுக்கு எடுத்துக்கொண்டே வலிக்காத அக்கா பையன் பக்கம் திரும்பி ஜன்னல் கேள்வியைக் கேட்டாள். "ஜன்னலா? நாள் பூரா கண்ணாடிப் பொட்டிக்குள்ள உக்காந்திருக்கேன் அக்கா. நாலு பக்கமும் ஜன்னல்தான். தங்கற ரூம்ல ஒண்ணுகூடக் கிடையாது" என்றான். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே தாங்கியில் முன்னால் இருந்த ட்யூப்பை எடுத்தாள், நிரப்பினாள், வைத்தாள். பிறகு பையனுக்கு எடுத்தாள். அவன் கண்ணை இறுக்கி மூடியிருந்தான்.

வெள்ளிக்கிழமை முடிவுகள் வந்தன. பையனுக்கு எல்லாம் சுத்தம். பெண்ணுக்குச் சிபிலிஸ். உறுதிப்படுத்துகிற இரண்டாவது சோதனையும் அதையே சொன்னது. டாக்டர் தனியறையில் பொறுமையாக விளக்கினார். பழைய தொற்று, வெளியே தெரியாமல் வருஷக்கணக்கில் உள்ளே இருக்கும், வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டால் குணமாகிவிடும், கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறதே.

கண்ணாடிக் கடைப் பெண் அறையிலிருந்து வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலிக்காத அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"சான்ஸே இல்லக்கா. நான் யார்கூடவும் இருந்ததில்ல. இவர்கூடக்கூட இல்ல."

"வந்தது எப்படியோ வந்தாச்சும்மா. இங்க யாரும் எதுவும் கேக்க மாட்டோம். ஊசி போட்டுக்கிட்டா சரியாப் போயிடும்" என்று தோளைத் தட்டினாள்.

இதே சொற்களை அதற்கு முன் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஆதரவாகத்தான் சொல்வாள். அன்று அந்தப் பெண் தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு பார்வை பார்த்தாள். அதில் நன்றி இல்லை என்பதை அவள் கவனித்தாள். பாவம், அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண் மறுபடி வந்தாள், தனியாக. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, ஆனால் அழவில்லை.

"அவர்கிட்ட நானே சொல்லிட்டேன்க்கா. மன்னிச்சுட்டேன்னு சொன்னாரு. பழசையெல்லாம் பேச வேண்டாம், ஆனா யாருன்னு மட்டும் சொல்லுன்னாரு. மூணு நாளா அதே கேள்வி. யாரு, யாரு. இல்லாத ஆளுக்கு நான் எங்க போய்ப் பேரு தேடறது?"

வலிக்காத அக்கா டிபன் டப்பாவை மூடி வைத்தாள். வழக்கமான ஆறுதல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் பெண் கேட்டாள்:

"நீங்க ட்யூப்ல எப்பக்கா பேர் ஒட்டினீங்க?"

"என்ன கேள்வி இது? பத்தொன்பது வருஷமா..."

"கோவிச்சுக்காதீங்க. எங்க கடையில அப்பப்ப நடக்கும். ஒருத்தரு கண்ணாடி இன்னொருத்தரு பொட்டியில போயிடும். போட்டுப் பாத்துட்டு, பவரு தப்புன்னு சண்டைக்கு வருவாங்க. பவரு சரியாத்தான் இருக்கும், பொட்டிதான் மாறியிருக்கும். அதான் கேட்டேன். அன்னைக்கு அவருக்குப் பயம்னு நான்தானே முதல்ல உக்காந்தேன்?"

கோபத்தோடு திறந்த வாய் திறந்தபடியே நின்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறேன் என்றானே. சிரித்தாளே. தாங்கியில் முன்னால் இருந்த ட்யூப்பை எடுத்தாளே. முன்னால் இருந்தது யாருடையது? வாசிக்கச் சொன்னாளா? சொல்லவில்லை.

"மாறியிருக்கலாம்மா" என்றாள். "தப்பு என்னுது. இங்கயே உக்காரு, போயிடாத."

டாக்டர் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். கெட்டவர் இல்லை, கூடத்தின் பேரைப் பற்றி யோசிக்க வேண்டியவர். "ரெண்டு பேரையும் கூப்பிட்டு மறுபடி எடுத்துடுங்க. இன்னொரு தடவை உறுதிப்படுத்தறோம்னு சொல்லுங்க, அது வழக்கம்தானே. மாறினதுன்னு நிச்சயமாத் தெரிஞ்சப்புறம் மத்ததைப் பேசிக்கலாம்."

"இல்ல டாக்டர். ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே சொல்லணும். வந்தப்புறம் சொன்னா சாக்குச் சொல்ற மாதிரி இருக்கும். அந்தப் பொண்ணு மூணு நாளா இல்லாத ஒருத்தன் பேரைத் தேடிக்கிட்டிருக்கா."

டாக்டர் நோட்டை அலமாரியிலிருந்து எடுத்து அவள் பக்கம் தள்ளினார். அவள் தன் வெற்றுப் பக்கத்தைப் பிரித்தாள். எடுப்பதற்கு முன்பே பேர் ஒட்டினேன், வாசிக்கச் சொல்லவில்லை, ஒன்பதாவது ஜோடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

சாயங்காலம் பையன் வேலையிலிருந்து நேராக வந்தான், தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி. அவனை மட்டும் முதலில் உள்ளே கூப்பிட்டாள்.

"தம்பி, அன்னைக்கு நான் ஒரு தப்பு பண்ணியிருக்கலாம். உங்க ரெண்டு பேர் ட்யூப்பும் மாறியிருக்கலாம். மறுபடி எடுக்கணும். மாறியிருந்தா என்னன்னு உங்களுக்கே புரியும்."

புரிந்தது. தலைக்கவசத்தின் வாரை இழுத்து இழுத்து விட்டான். "நாலு வருஷத்துக்கு முன்னாடி, வேற ஊர் சைட்ல" என்றான். அதற்குமேல் அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அன்று ஜன்னல் கேள்வியும் இல்லை. எடுத்தாள், சீட்டை ஒட்டினாள், அவனிடம் காட்டினாள். அவன் தன் பெயரை மெல்ல வாசித்தான். பிறகு பெண்ணைக் கூப்பிட்டு அவளுக்கும் அதேபோல.

மறுநாள் காலை வலிக்காத அக்காவை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டவர் அவள் கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், பின்னால் உட்கார்ந்தால்கூட இல்லாத பிரேக்கை மிதிப்பார். "வேலை போயிடுமா?" என்று கேட்டார்.

"போனாப் போகட்டும். எழுதிக் கொடுத்துட்டேன்."

"பின்ன ஏன் முகம் இப்படி இருக்கு?"

"அந்தப் பொண்ணு சான்ஸே இல்லைன்னு சொன்னப்ப நான் தோளைத் தட்டினேங்க" என்றாள். அவருக்கு அது விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து விளக்குகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

வேலை போகவில்லை. முடிவு மதியம் வந்தது. பெண்ணுக்கு எல்லாம் சுத்தம். தொற்று பையனுக்கு. அவன் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அவளை உள்ள கூப்பிடுங்க அக்கா. நீங்களும் இருங்க. நானே சொல்றேன்" என்றான். அந்த மட்டுக்கும் ஆண்பிள்ளைதான்.

சொன்னான். மூன்று வாக்கியம் சொல்வதற்குள் பதினெட்டு மாடி ஏறியவன்போல மூச்சு வாங்கியது. அந்தப் பெண் சத்தம் போடவில்லை. யாரு என்று கேட்கவுமில்லை.

"நான் இல்லைன்னு சொன்னப்ப ஏன் நம்பலை?"

அவன் தரையைப் பார்த்தான். "எனக்கு என்னைத் தெரியும்ல. அதான் உன்னையும் நம்ப முடியலை."

"மன்னிச்சுட்டேன்னு வேற சொன்னீங்க. நான் பண்ணாத தப்புக்கு."

பெண் வலிக்காத அக்கா பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான்க்கா. தோளைத் தட்டிக் கொடுத்தீங்க. அவராவது வாயைத் திறந்து கேட்டாரு. நீங்க முடிவே பண்ணிட்டீங்க."

எவ்வளவு பேர் எதிரே உட்கார்ந்து எவ்வளவு பேசியிருக்கிறார்கள்! ஒன்றும் அவளை இப்படிக் குத்தியதில்லை. வாய்க்குப் பேர் போனவளுக்கு அப்போது இரண்டே சொற்கள்தான் வந்தன. "ஆமாம்மா. நானும்தான்." பிறகு சேர்த்தாள்: "ட்யூப்பை மாத்தினதுக்கு நோட்டுல எழுதிட்டேன். இதை எழுத அங்க இடமில்ல. உன்கிட்டதான் சொல்லணும். மன்னிச்சுக்கோ."

பெண் கைப்பையை எடுத்துக்கொண்டாள். "தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லிடுங்க" என்றாள் பையனிடம். "நோய்க்கு மூணு ஊசி போதும். எனக்கு மூணு வாரம் போதாது." அவ்வளவுதான், போய்விட்டாள்.

அடுத்த மூன்று புதன்கிழமையும் அவன் வந்தான். ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கிற பெஞ்சில் தனியாக, ஒரு கோடியில். ஊசிக்குக் கதவுப் பக்கம் நகர்ந்தவன் ஒரு நாளும் தவறவில்லை. அது கெட்டியான மருந்து, இடுப்புக்குக் கீழே போடுவது, வலிக்காத அக்கா போட்டாலும் வலிக்கும். அவளும் வலிக்காது என்று பொய் சொல்லவில்லை. "வலிக்கும் தம்பி, பல்லைக் கடிச்சுக்கோங்க" என்றாள். மூன்றாவது ஊசி முடிந்ததும், "பேசறாளா?" என்று கேட்டாள். "போன் எடுக்கறா அக்கா. நான் பேசினாக் கேக்கறா" என்றான்.

வலிக்காத அக்காவும் மாறினாள். முன்னாலேயே அடித்து வைத்த சீட்டு இப்போது அவள் மேஜையில் ஒன்றுகூடக் கிடையாது, இயந்திரம் எத்தனை முறை நின்றாலும் சரி. நோட்டின் பக்கத்தைப் புதியவர்களுக்கு இன்றும் பிரித்துக் காட்டுகிறாள், அந்த ஒரு பதிவை வாசிக்கவும் சொல்கிறாள். யாராவது சுவரைப் பிடித்துக்கொண்டு சான்ஸே இல்லை என்று சொன்னால் தோளைத் தட்டுவதில்லை. "சரி, உக்காருங்க. இன்னொரு தடவை எடுத்துப் பாத்துடலாம்" என்று புது ட்யூப் எடுக்கிறாள். பெரும்பாலும் முடிவு மாறுவதில்லை. இருந்தாலும் அவள் எடுக்காமல் விடுவதில்லை.

மருந்து எப்படி வேலை செய்திருக்கிறது என்று பார்க்கப் பையனை மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்தப் புதன்கிழமை பெஞ்சில் அவன் பக்கத்தில் கண்ணாடிக் கடைப் பெண் உட்கார்ந்திருந்தாள். நடுவில் அவள் கைப்பை மட்டும் இருந்தது. வலிக்காத அக்கா கூப்பிட வாயெடுத்தாள், பிறகு பேசாமல் இருந்துவிட்டாள்.

முறை வந்ததும் பெண்தான் முதலில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், சட்டைக்கையைச் சுருட்டினாள்.

"உனக்கு எதுக்கு?" என்றான் பையன் பின்னாலிருந்து. "உனக்குத்தான் ஒண்ணுமில்லையே. நீ சொன்னாலே போதும், நான் நம்பறேன்."

"நம்பறீங்க, சந்தோஷம். அதுக்காக நீங்க மட்டும் கையை நீட்டணுமா? ரெண்டு பேருமே நீட்டுவோம். நம்பறது வேற, டெஸ்ட் வேற. எனக்கு ரெண்டும் வேணும்."

அவளுக்கு எடுத்து, சீட்டை ஒட்டி, ட்யூப்பை அவள் முன் நீட்டினாள் வலிக்காத அக்கா. பெண் அதை வாங்கி லென்ஸைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்து, தன் பெயரை எழுத்து எழுத்தாக உரக்க வாசித்தாள். "சரியா இருக்கு. இப்ப அவரைக் கூப்பிடுங்க."

பையன் உட்கார்ந்தான். முகம் வெளுக்க ஆரம்பித்தது. வலிக்காத அக்காவுக்குக் கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தது. கேட்டுவிட்டாள்.

"எத்தனை ஜன்னல்?"

"எந்த வீட்டுல அக்கா? இப்ப இருக்கற ரூம்லயா, நாங்க பாத்து வெச்சிருக்கற வீட்டுலயா?"

அவள் கை ஒரு கணம் நின்றது. பெண் கைப்பையின் ஜிப்பை மும்முரமாகச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"பாத்து வெச்சிருக்கற வீட்டுல."

"அஞ்சு" என்றான்.

"ஆறு" என்றாள் பெண், நிமிராமலே. "சமையலறையை விட்டுட்டீங்க."

அவன் கண்ணை மூடி வாசலிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினான். அவன் சமையலறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ட்யூப் நிறைந்துவிட்டது.